ஆனிச் சாரலில் குற்றாலம்: இப்படிக் குளிரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை

வடசென்னைவாசி எழுதியது (ஞாயிறு, இரவு 10.20)

இன்று காலைதான் ஊர் வந்து சேர்ந்தோம். இதை எழுதியே ஆகவேண்டும் என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன், ஏனென்றால் போவதற்கு முன் நான் தேடிப் படித்த எதிலும் இந்த விஷயம் இல்லை. எந்த அருவியில் கூட்டம் குறைவு, பரோட்டா எங்கே சாப்பிடலாம், அறை வாடகை எவ்வளவு, எல்லாம் இருந்தது. குளிரைப் பற்றி மட்டும் "ஜில்லென்று இருக்கும்" என்பதோடு சரி.

நாங்கள் ஐந்து பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு மூலையில் வேலை. பத்து வருடமாகப் போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்ட பயணம். எழும்பூரில் பொதிகை ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அப்படி ஒரு புழுக்கம். ஆளுக்கு இரண்டு அரை டிராயர், இரண்டு பனியன், ஒரு லுங்கி, ஒரு துண்டு, இவ்வளவுதான் பையில். கொடைக்கானல் போகிறவன் ஸ்வெட்டர் எடுத்துப்போவான், குற்றாலம் போகிறவன் எதற்கு எடுக்கப்போகிறான்? குளிக்கத்தானே போகிறோம்.

ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலையே தெரியவில்லை, இடுப்புவரை மேகம். கடையநல்லூர் வந்தபோது எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் எழுந்து ஜன்னலை இறக்கிவிட்டார், "சாரக்காத்து, தம்பி" என்றார். தென்காசியில் இறங்கினால் மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது, மாவு சலித்த மாதிரி தூறிக்கொண்டே இருக்கிறது, கூடவே நிற்காத காற்று. எங்களுக்கு ஒரே குஷி. அறைக்குப் போய்ப் பையைப் போட்டுவிட்டு, வயிற்றில் ஒன்றும் போடாமல் நேரே ஐந்தருவிக்குப் போய்விட்டோம். குளித்துவிட்டுச் சாப்பிட்டால்தான் பசி நன்றாக எடுக்கும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு.

ஐந்தருவியில் முக்கால் மணி நேரம் நின்றோம். உள்ளே நிற்கும்போது குளிரே தெரியவில்லை, இது முக்கியம், மறுபடியும் சொல்கிறேன், தண்ணீருக்குள் நிற்கும்வரை குளிரே தெரியவில்லை. தலையிலும் தோளிலும் அடிக்கிற அடியில் உடம்பு சுறுசுறு என்று இருக்கிறது. வெளியே வந்து ஈரத்தோடு அரைமணி நேரம் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அதே ஈர உடையோடு ஆட்டோவில் ஏறிப் பேரருவிக்கு வந்தோம். ஆட்டோவின் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போகிறது, ஈர லுங்கி கால்முட்டியில் பட்பட்டென்று அடிக்கிறது. பேரருவியில் இன்னொரு குளியல்.

எங்களில் ஒருவன் ரொம்ப ஒல்லி. ரயிலில் இரவு முழுக்கத் தூங்காமல் பேசிக்கொண்டே வந்தவன் அவன்தான். பேரருவியிலிருந்து வெளியே வந்ததும் நடுங்க ஆரம்பித்தான். நாங்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நாவல்பழம் தின்ற மாதிரி உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிறான், விரல் பொத்தானைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, நழுவி நழுவிப் போகிறது. "என்னடா, போட்டுவிடட்டுமா" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. நாக்கு தடித்த மாதிரி, குடித்தவன் பேசுவது மாதிரி இருந்தது. அவன் அன்றைக்குத் துளிகூடக் குடிக்கவில்லை.

எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவன் பிராந்தி வாங்கி வரலாம் என்கிறான், இன்னொருவன் அவன் கையைப் பிடித்துத் தேய்க்கிறான். பக்கத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எழுந்து வந்தார். "மொதல்ல அந்த ஈரப் பனியனக் கழத்துங்கய்யா, சட்டைய மேல போட்டு என்ன புண்ணியம்" என்று ஒரு சத்தம் போட்டார். அப்போதுதான் கவனித்தோம், ஈரப் பனியனின் மேலேயே காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். கூடையை மூடி வைத்திருந்த தார்ப்பாயை எடுத்துக் காற்றடிக்கும் பக்கமாக அவரே பிடித்துக்கொண்டார். நாங்கள் ஈரத்தை எல்லாம் கழற்றி, துடைத்து, இருந்த இரண்டு லுங்கியையும் சுற்றி, நடுவில் உட்காரவைத்து நாலு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். ஒருவன் ஓடிப்போய்ச் சுக்குக் காபி வாங்கி வந்தான், கருப்பட்டி தூக்கலாக. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் பாதி சிந்திவிட்டது. இருபது இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் பேச்சு தெளிவானது. முதலில் "பசிக்குதுடா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நன்றாக இருக்கிறான். என் கேள்வி இதுதான். ஆனி மாதத்தில், கடல் மட்டத்திலிருந்து பெரிய உயரம் எதுவும் இல்லாத ஒரு ஊரில், இப்படி ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலகரத்தான் எழுதியது (ஞாயிறு, இரவு 11.05)

தம்பி, முதலில் உங்கள் நண்பர் தேறிவிட்டார் என்று படித்ததும்தான் நிம்மதி. நான் உள்ளூர்க்காரன், குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் வீடு, அறுபது வருடச் சாரல் பார்த்தவன்.

ஆகும் என்பதுதான் பதில். ஆனால் எல்லா நாளும் இல்லை. சாரல் என்றால் வெளியூரில் எல்லோரும் நினைப்பது ஒரே மாதிரியான தூறல். எங்களுக்கு அதில் பல வகை உண்டு. வெயிலும் தூறலும் கண்ணாமூச்சி ஆடுகிற நாள் ஒன்று, அதுதான் குளிக்க அருமையான நாள். மலை தெரியாமல் மூட்டம் போட்டு, மேல்காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கிற நாள் வேறு. நீங்கள் வந்தது அந்த மாதிரி நாள். அந்த நாளில் எங்கள் வீட்டிலேயே வயசானவர்கள் கம்பளியை விட்டு வெளியே வரமாட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். வெறும் வயிற்றோடு, தூங்காமல், ஈரத்தோடு ஆட்டோ. இந்த மூன்றையும் உள்ளூர்க்காரன் எவனும் செய்யமாட்டான். அருவியில் குளித்தால் பசி எடுக்கும் என்பது உண்மை, அதற்காகப் பசியோடு போகக்கூடாது. எங்கள் அம்மா இரண்டு இட்லியாவது தின்னாமல் எங்களை அருவிக்கு விட்டதே இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள். இந்த மூன்று மாதத்தை நம்பித்தான் இங்கே துண்டு விற்கிறவர், பழம் விற்கிறவர், ஆட்டோக்காரர் எல்லோரும் வருடத்தை ஓட்டுகிறார்கள்.

பௌதிக வாத்தியார் எழுதியது (திங்கள், காலை 6.40)

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், இயற்பியல் எடுத்தவன். திருநெல்வேலியில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல தடவை குற்றாலம் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு கேள்வி இருக்கிறது இதில். ஒன்று, ஊர் ஏன் குளிர்கிறது. இரண்டு, ஆள் ஏன் குளிர்கிறான். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஊர் குளிர்வதற்குக் காரணம் செங்கோட்டைக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக ஒரு மதில் மாதிரி நிற்கிறது, ஆரியங்காவு பக்கத்தில் அந்த மதிலில் ஒரு தாழ்வு. கொல்லத்துக்கு ரயில் போவதும் அந்த வழியாகத்தான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறி மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வாசல் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலம், தென்காசி, செங்கோட்டை மூன்றும் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கின்றன. மேகமும் கூடவே வழிந்து வருவதால் வெயில் மறைந்துவிடுகிறது. இங்கிருந்து கிழக்கே போகப் போகக் காற்று இறங்கி, சூடேறி, உலர்ந்துவிடும். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் 55 கிலோமீட்டர்தான், அதே நாளில் திருநெல்வேலியில் வெயில் மண்டையைப் பிளக்கும். சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றனவே, அவை நம்பி நிற்பது இந்தக் காற்றைத்தான்.

இப்போது ஆள் விஷயம். தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் வெப்பம் வேண்டும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் தண்ணீர் தோலின் மேல் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி. மனித உடம்பு ஒரு கிலோ, ஒரு டிகிரி குளிர 830 கலோரி அளவு இழக்கவேண்டும். 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 58,000 கலோரி. அதாவது 100 கிராம் தண்ணீர், ஒரு சின்ன டம்ளர் அளவு, முழுக்க உங்கள் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியானால் ஒரு டிகிரி போய்விடும், உடம்பு அதை ஈடுகட்டாவிட்டால். நனைந்த லுங்கியும் பனியனும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். உடம்பு உள்ளே எரித்து எரித்து ஈடுகட்டத்தான் பார்க்கும், நடுக்கம் என்பதே அதுதான். சாப்பிடாதவனிடம் எரிக்க என்ன இருக்கிறது?

இதில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உடம்பை ஒட்டி இருக்கும் சூடான காற்றுப் படலத்தை நிமிடத்துக்கு நிமிடம் உரித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் போகும்போது ஏற்கெனவே அடிக்கிற காற்றோடு வண்டியின் வேகமும் கூடுகிறது. பேரருவிக்குப் போகும் முன்பே உங்கள் நண்பர் பாதி சூட்டை இழந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

தண்ணீருக்குள் குளிர் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்ல கவனிப்பு. அருவியின் அடி தோலை மரத்துப்போக வைக்கிறது, ஆள் அசைந்துகொண்டே இருக்கிறான், அதனால் உணர்வு ஏமாற்றுகிறது. உண்மையில் தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நஷ்டம் உள்ளேயே தொடங்கிவிட்டது, தெரிவதுதான் வெளியே வந்த பிறகு.

கோவைப்பயணி எழுதியது (திங்கள், காலை 9.15)

நாங்களும் வருடா வருடம் ஆறேழு பேர் போகிறோம். இவ்வளவு கணக்கெல்லாம் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஒரு கட்டிங் போட்டுவிட்டு நின்றால் குளிர் பக்கத்தில் வராது. உடம்பு கதகதவென்று இருக்கும். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன். அந்த நண்பர் பிராந்தி வாங்கலாம் என்று சொன்னது சரிதான், வாங்கியிருந்தால் சீக்கிரம் தேறியிருப்பார்.

மதுரைச் செவிலி எழுதியது (திங்கள், மதியம் 1.30)

கோவைப்பயணி அண்ணா, தயவுசெய்து அந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். கோபப்படாமல் கேளுங்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

குளிரும்போது உடம்பு ஒரு நல்ல காரியம் செய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மூளைக்கும் ஒதுக்கி வைக்கிறது. மது அந்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு ஓடிவருவதைத்தான் நீங்கள் கதகதப்பு என்று உணர்கிறீர்கள். உங்களுக்கு உள்ளே இருக்கவேண்டிய சூடு காற்றோடு போகிறது. போதாததற்கு, நடுக்கமும் குறையும், நிதானமும் போகும், பாறை வழுக்கும். அருவியில் குடித்துவிட்டு நிற்பது எந்தக் கணக்கிலும் சரி இல்லை.

வடசென்னைவாசி சொன்ன அடையாளங்களைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நடுக்கம் மட்டும் இருந்தால் பயமில்லை, அது உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். விரல் பொத்தானைப் பிடிக்கவில்லை, பேச்சு குளறுகிறது, சிரித்துக்கொண்டிருந்தவன் சும்மா இருக்கிறான் என்றால் உள்சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது. 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்சூடு போய்விட்டால் அதற்கு மருத்துவத்தில் தாழ்வெப்பநிலை என்று பெயர், அதற்குப் பனி பெய்யவேண்டும் என்று அவசியம் இல்லை, ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் நம் ஊரிலேயே வரும். இதைவிட மோசம், நடுக்கம் தானாக நின்றுபோய் ஆள் தூக்கக் கலக்கமாக இருப்பது. தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது 108 கூப்பிட்டுவிட வேண்டும், யோசிக்கவே கூடாது.

அந்த ஆச்சி செய்தது அத்தனையும் சரி. ஈரத்தைக் கழற்றியது, காற்றை மறைத்தது. நீங்கள் ஒட்டி உட்கார்ந்ததும், இனிப்பான சூடான பானம் கொடுத்ததும் சரி, அவர் முழித்திருந்து விழுங்க முடிந்ததால். கையைப் போட்டுத் தேய்த்தது மட்டும் வேண்டாம். கை கால்களைத் தேய்த்துச் சூடேற்றினால் அங்கே தேங்கியிருக்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். முதலில் நெஞ்சு, கழுத்து, அக்குள். கைகால் தானாகச் சூடாகும். கொதிக்கிற வெந்நீரை மேலே ஊற்றுவதும் கூடாது.

சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு உடம்பு எடையைவிடத் தோல்பரப்பு விகிதத்தில் அதிகம், பெரியவர்களைவிட வேகமாகச் சூடு இழக்கும். ஆனால் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பல் தந்தி அடிக்க ஆரம்பித்தால் அழுதாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோவைப்பயணி எழுதியது (திங்கள், மதியம் 2.10)

சரிங்க தங்கச்சி, இப்படி யாரும் எங்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. போன வருடம் எங்கள் கூட்டத்தில் ஒருவன் குளித்துவிட்டு வந்து அப்படியே வேனில் சாய்ந்து தூங்கிவிட்டான், எழுப்பினால் எழவில்லை, போதை என்று விட்டுவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் மனதில் ஓடுகிறது.

கடையநல்லூர்க்காரி எழுதியது (திங்கள், மாலை 5.45)

ஆண்கள் லுங்கியைக் கழற்றி உதறிவிட்டுப் போய்விடுவீர்கள். பெண்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

நாங்கள் சுடிதாரோடுதான் குளிக்கிறோம், சிலர் சேலையோடு. வெளியே வந்தால் உடை மாற்றும் அறைக்கு வரிசை. போன சாரலில் என் தோழிகளோடு போனபோது அரைமணி நேரம் ஈரத்தோடு அந்த வரிசையில் நின்றோம், காற்று நேரே மலையிலிருந்து இறங்குகிறது, ஒருத்தி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு குளித்துவிட்டாள், அது கல் மாதிரி கனத்துக்கொண்டு காலோடு ஒட்டிக்கொண்டது, கழற்றவே இரண்டு பேர் இழுக்கவேண்டியிருந்தது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், அது மறுநாளும் காயாது.

இப்போது நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, கடைத்தெருவில் கிடைக்கும் மெல்லிசானதே போதும். அருவியை விட்டு வெளியே வந்த அந்த நிமிடமே ஈரத்தின் மேலேயே அதை மாட்டிக்கொள்வோம். உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் காற்று உடம்பில் படாது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும் சமாளிக்கலாம். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் அது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே புரிகிறது.

அப்புறம் தலைமுடி. இடுப்புவரை முடி இருக்கிறவர்கள் ஒரு துண்டில் துவட்டிப் பார்த்தால் தெரியும், பத்து நிமிடத்தில் முதுகு மறுபடி நனைந்துவிடும். தலைக்குத் தனியாக ஒரு துண்டு வேண்டும், கொண்டை போட்டுக் கட்டிக்கொள்ள.

வடசென்னைவாசி எழுதியது (திங்கள், இரவு 9.50)

எல்லோருக்கும் நன்றி. மேலகரத்தான் ஐயா, நான் யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. அடுத்த வருடம் நாங்கள் ஐவரும் மறுபடி வருகிறோம், அந்த ஒல்லிப் பயலே டிக்கெட் போடுகிறேன் என்கிறான். பேரருவி மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற அந்தப் பாறைக்குழியில் விழுந்து, சுழன்று, வேகம் குறைந்து வழிவதால்தான் கீழே மனிதன் நிற்க முடிகிறது என்று அங்கே ஒருவர் காட்டினார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

எண்ணெய் பற்றிக் கேட்க நினைத்தேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் குளிர் ஏறாது என்று எங்கள் அறையில் ஒருவர் சொன்னார். உண்மையா?

மேலகரத்தான் எழுதியது (திங்கள், இரவு 10.30)

எண்ணெய்க் குளியல் எங்கள் ஊரின் பழைய வழக்கம், ஆனால் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. அது நல்ல காரியம். அந்தத் தண்ணீர் சிற்றாறாகக் கீழே ஓடி வயலுக்கும் ஊருக்கும் போகிறது.

குளிர் ஏறாது என்று என் தாத்தாவும் சொல்வார். வாத்தியார் ஐயாதான் சொல்லவேண்டும்.

பௌதிக வாத்தியார் எழுதியது (செவ்வாய், காலை 6.15)

எண்ணெயின் அந்த மெல்லிய படலம் சூட்டைப் பெரிதாகப் பிடித்து வைக்காது. ஆங்கிலக் கால்வாயை நீந்துகிறவர்கள் உடம்பில் கொழுப்புப் பூசிக்கொள்வதும் முக்கியமாகத் தோல் உராய்ந்து புண்ணாகாமல் இருக்கத்தான். எண்ணெய் தேய்த்த தோலில் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும், அதனால் வெளியே வந்ததும் ஈரம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். தேய்க்கும்போது ஒரு சூடு, அவ்வளவுதான். துண்டும் காய்ந்த உடையும் செய்கிற வேலையை எண்ணெய் செய்யாது.

கரூர் மகள் எழுதியது (செவ்வாய், காலை 11.00)

சரியான நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். 71 வயது, சர்க்கரை உண்டு, நடப்பார். கல்யாணமான புதிதில் அம்மாவோடு குற்றாலம் போனவர், அம்மா போன பிறகு இதுதான் முதல் தடவையாக எங்கேயாவது போகவேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். கூட என் தோழிகள் இருவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. எப்படிக் கூட்டிப்போகலாம்?

மதுரைச் செவிலி எழுதியது (செவ்வாய், மதியம் 12.20)

கூட்டிப்போங்கள் அம்மா. சர்க்கரைக்காரர், அதனால் வெறும் வயிறு கூடவே கூடாது, மாத்திரை நேரம் தவறக்கூடாது, கையில் கொஞ்சம் சர்க்கரை அல்லது மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கினாலும் நடுக்கம் வரும், குளிர் என்று தவறாக நினைத்துவிடலாம். கால் உணர்ச்சி குறைவாக இருந்தால் பாறையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், அடிபட்டதே தெரியாது. போகும் முன் அவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அருவியில் ஐந்து நிமிடம் போதும், ஒரு ஆள் காய்ந்த துண்டோடு வெளியே நிற்கவேண்டும். அந்த ஆள் குளிக்கக்கூடாது.

மேலகரத்தான் எழுதியது (செவ்வாய், மாலை 4.00)

பேரருவி வேண்டாம், கூட்டம் இடித்துத் தள்ளும். புலியருவிக்குக் கூட்டிப்போங்கள், சிற்றருவியும் பரவாயில்லை, தண்ணீர் மெதுவாக விழும். விடியற்காலையில் போகாதீர்கள், அருவி எந்நேரமும் அழகுதான், பதினொரு மணிக்கு மேல் போனால் குளிர் கொஞ்சம் அடங்கியிருக்கும். மங்கி குல்லா ஒன்று, கம்பளி ஒன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எல்லோருக்கும். குளிரைவிட எனக்குப் பயம் தண்ணீர் திடீரென்று கூடுவதுதான். இங்கே தூறல்கூட இல்லாமல் இருக்கும், மேலே காட்டில் கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அது சாரல் மாதம்கூட இல்லை, கோடை. தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். போலீஸ் விசில் ஊதினால் இன்னும் ஒரு நிமிடம் என்று நிற்காதீர்கள். குளிரில் மரத்துப்போன காலோடு ஓட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

கரூர் மகள் எழுதியது (சனி, இரவு 8.30)

குற்றாலத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று வரும்போதே மூட்டம். இன்று பதினொன்றரைக்குப் புலியருவி போனோம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டாமல் தோளை மட்டும் முதலில் காட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முழுசாக உள்ளே போனார். நான் துண்டோடு வெளியே நின்றேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஐந்து நிமிடம் ஆனதும் கூப்பிட்டேன், கேட்காத மாதிரி நின்றார். ஆறாவது நிமிடம் வந்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது, உதடு நன்றாகவே இருந்தது. தோழி மழைக்கோட்டை விரித்துப் பிடிக்க, அந்த மறைவிலேயே துடைத்து, காய்ந்த வேட்டி கட்டி, குல்லா போட்டுவிட்டேன். அம்மா இப்படித்தான் துண்டோடு நிற்பாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்துவிட்டு, பேரருவிப் பக்கம் நடந்து போய் ஒரு கூடைக்காரரிடம் மங்குஸ்தான் வாங்கினோம். வடசென்னைவாசி சொன்ன ஆச்சிதானா என்று தெரியவில்லை, தார்ப்பாய் நீல நிறமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி போகவேண்டும் என்றார் அப்பா. தண்ணீர் கூடி, பேரருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேல் விழ ஆரம்பித்ததால் யாரையும் விடவில்லை, கயிறு கட்டிவிட்டார்கள். இப்போது அறைத் திண்ணையில் கம்பளியோடு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளை மதியம் பேருந்து. அதற்குள் திறப்பார்களா?

வடசென்னைவாசி எழுதியது (சனி, இரவு 8.50)

நீலம்தான். ஓரத்தில் ஒட்டுப்போட்டிருக்கும்.

மேலகரத்தான் எழுதியது (ஞாயிறு, காலை 5.50)

அம்மா, இப்போதுதான் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலை உச்சி தெரிகிறது, காற்றும் நேற்று மாதிரி இல்லை. தண்ணீர் வடிய இன்னும் நாலு மணி நேரமாவது வேண்டும். அப்பாவை நிம்மதியாகச் சாப்பிட வைத்து, பத்தரைக்கு மேல் சிற்றருவிப் பக்கம் போய்க் கேளுங்கள். துண்டு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், நேற்றையது காய்ந்திருக்காது.